துண்டுக்கு அடியில்

என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) மாட்டு வியாபாரி இல்லை. நாலு ஏக்கர் தென்னந்தோப்பும் இரண்டு கறவையும் வைத்திருந்த விவசாயி, அவ்வளவுதான். ஆனால் ஊரில் யார் மாடு வாங்கக் கிளம்பினாலும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். பொள்ளாச்சி மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். முழுப்பரீட்சை லீவில் நான் அங்கே இருந்தால் ஒரு வியாழக்கிழமையாவது என்னையும் சந்தைக்குக் கூட்டிப்போய்விடுவார். கேரளாவுக்குப் போகிற லாரிகள் வரிசையாக நிற்கும், சாணி வாசமும் டீக்கடைப் புகையும் கலந்து வரும், அதற்கு நடுவில் இரண்டு பேர் ஒரு துண்டுக்கு அடியில் கையைக் கோத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விலையை வாயால் சொல்லாமல் விரலால் சொல்வது அது. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து, அது நூறா ஆயிரமா என்பது அந்த இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. ஒருவர் குறைத்துக் கேட்டுப் பேச்சு முறிந்தால்கூட அந்த விலை வெளியே வராது, அடுத்து வருகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே கேட்க முடியாது. விற்பவருக்கும் தலைகுனிவு இல்லை.

சூட்சுமம் எல்லாம் அந்த விரல்களில்தான் இருக்கிறது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் துண்டு போடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பது ரொம்ப நாள் கழித்து, எனக்கென்று ஒரு வேலை வந்து, அதில் இரண்டு முறை நன்றாக ஏமாந்த பிறகுதான் புரிந்தது.

நான் ஏழாவது படித்த வருடம், பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்காக ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு பார்க்கப் போனோம். இரண்டாம் ஈத்து. விற்பவர் உடுமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். அப்புச்சி மாட்டின் பல்லைப் பார்த்தார், மடியைத் தடவிப் பார்த்தார், நேரத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டார். விலையை மட்டும் கேட்கவே இல்லை. அவர் பாட்டுக்கு அந்த ஆளோடு உட்கார்ந்து டீ குடித்தார். எப்படி வந்தீங்க, எத்தன உருப்படி கொண்டாந்தீங்க, போன மாசம் சந்தை எப்படி இருந்தது என்று அரைமணி நேரம் ஊர்க்கதை. அந்தக் கதையில் இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன. நாலு மாட்டை ஒரே டெம்போவில் ஏற்றி வந்திருக்கிறார், மூன்று விற்றுவிட்டது, டெம்போ பதினொரு மணிக்குக் கிளம்பும், இது விற்காவிட்டால் திரும்பப் போகிற வாடகை முழுவதும் இவர் தலையில். இன்னொன்று, போன மாதம் ஒருத்தர் ஐந்நூறு ரூபாய் அச்சாரம் கொடுத்து மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர், மீதிப் பணத்துக்கு இவரை இன்னும் நடக்கவிட்டுக்கொண்டிருக்கிறார்.

அதற்கப்புறம்தான் துண்டு. 11,000 சொன்ன மாடு 9,200-க்கு முடிந்தது. நடுவில் இன்னொருவர் வந்து 9,500 தருகிறேன், இப்போது அச்சாரம், மீதி பதினைந்து நாளில் என்றார். விற்பவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எங்கள் பக்கமே கையை நீட்டினார். காரணம் இதுதான்: அப்புச்சி முழுப்பணத்தையும் அங்கேயே எண்ணிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த மாமா, "பதினொன்னு வரைக்கும் நின்னிருந்தா இன்னும் எறங்கியிருப்பாருங்க" என்றார். அப்புச்சி, "எறங்கியிருப்பாரு. அடுத்த வருசமும் நீ இதே சந்தைக்குத்தான வரோணும்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "அந்தாளுக்கு என்ன வேணும்னு பாத்தியா அம்மிணி? ரூவா மட்டுமில்ல. நடக்க வெக்காத ரூவா" என்றார்.

அந்த வார்த்தை எனக்குள் இருந்தது, ஆனால் வேண்டிய நேரத்தில் வரவில்லை. சென்னையில் இரண்டாவது வேலைக்கு மாறும்போது எச்.ஆரிடமிருந்து போன். நான் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். கரன்ட் சிடிசி (கம்பெனி நமக்காக வருடத்துக்குச் செலவிடுவதாகச் சொல்லும் மொத்தத் தொகை) எவ்வளவு, எக்ஸ்பெக்டட் எவ்வளவு என்று ஒரே மூச்சில் கேட்டார். நானும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், வாங்குவதற்கு மேல் முப்பது சதவீதம் என்று, எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்ததால். அவர் "ஓகே, டன்" என்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்தப் பதில் வந்த வேகத்திலேயே வயிற்றில் என்னவோ செய்தது. சேர்ந்த ஆறாவது மாதம், அதே வேலைக்கு அதே வாரம் சேர்ந்த ஒருவர் என்னைவிட வருடத்துக்கு 1.2 லட்சம் அதிகம் வாங்குகிறார் என்று தெரியவந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த எச்.ஆர்மேலும் இல்லை, நான் கேட்டதை அவர் கொடுத்தார். ஆனால் அடுத்தடுத்த உயர்வெல்லாம் அந்த முதல் எண்ணின் மேல்தான் சதவீதமாக ஏறும், அதனால் அந்த ஒரு போனின் விலை 1.2 லட்சத்தோடு முடியவில்லை.

முதலில் விழும் எண்ணுக்கு இருக்கும் பலத்தைப் பற்றி டானியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-இல் எழுதியிருக்கிறார்கள். ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டார்கள். வந்த எண்ணைக் காட்டிவிட்டு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் இருக்கும், இந்த எண்ணைவிடக் கூடவா குறைவா, சரியாக எவ்வளவு என்று கேட்டார்கள். சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் 10 வந்த கூட்டத்தின் நடு மதிப்பு 25, 65 வந்த கூட்டத்தின் நடு மதிப்பு 45. சம்பந்தமே இல்லாத எண்ணே இப்படி இழுக்கிறது என்றால், "கரன்ட் சிடிசி" என்ற எண் எவ்வளவு இழுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் புதிதாகச் செய்யப்போகும் வேலையின் மதிப்பை, பழைய இடத்தில் பழைய வேலைக்குக் கொடுத்த எண்ணில் கட்டிப்போடுகிற கேள்வி அது. சந்தை நிலவரம் நன்றாகத் தெரிந்திருந்தால் நாமே முதல் எண்ணைச் சொல்லிவிடுவது நல்லது. தெரியாவிட்டால் அவர்கள் சொல்லட்டும் என்று விடுவதே மேல். நிலவரத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்றால், தெரிந்தவர்களிடம் "உனக்கு எவ்வளவு" என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், "இத்தனை வருட அனுபவத்துக்கு இந்த வேலைக்கு எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை போகிறது" என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். நான் ஐந்து பேரிடம் கேட்டேன், நாலு பேர் சொன்னார்கள்.

மூன்றாவது வேலைக்கு வந்தபோது டீ குடிக்கிற அந்த அரைமணி நேரத்தை நான் விடவில்லை. நேர்காணல் எல்லாம் முடிந்து எச்.ஆர் கூப்பிட்டபோது, எண் பேசுவதற்கு முன்னால் இரண்டே இரண்டு கேள்வி கேட்டேன். இந்த இடம் எவ்வளவு நாளாகக் காலியாக இருக்கிறது, எப்போதுக்குள் ஆள் வேண்டும். நாலு மாதமாகக் காலி, அடுத்த காலாண்டு தொடங்குவதற்குள் ஆள் வேண்டும். எனக்கு அப்போது நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம், 90 நாள். அவர்களுக்கு வேண்டியது பணத்தில் மிச்சம் அல்ல, நாளில் மிச்சம் என்று அங்கேயே புரிந்துவிட்டது. பழைய இடத்தில் என் மேலாளரோடு உட்கார்ந்து, வேலையை ஒப்படைக்கிற பட்டியலைத் தேதி வாரியாக எழுதிக் காட்டி, 45 நாளில் விட ஒப்புக்கொள்ள வைத்தேன். அதுவும் ஒரு பேரம்தான். அவருக்கிருந்த பயம் நான் போவதில் இல்லை, நான் பாதியில் விட்டுப் போவதில்தான் இருந்தது.

அவர்கள் கொடுத்த ஆஃபர் 14 லட்சம், அதில் 15 சதவீதம் வேரியபிள். அதாவது உறுதியானது 11.9 லட்சம், மீதி 2.1 லட்சம் வந்தால் உண்டு. இந்த சிடிசி என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் யாரும் சரி என்று சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கம்பெனி கட்டுகிற பி.எஃப் பங்கு அதற்குள் இருக்கும். கிராஜுவிட்டி என்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் போட்டிருப்பார்கள் (வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலைநாள் என்று கணக்குப் போட்டு அதைப் பன்னிரண்டு மாதத்தால் வகுத்தால் அந்த எண் வரும்), இன்சூரன்ஸ் பிரீமியம்கூடச் சில இடங்களில் இருக்கும். மாதக் கடைசியில் வங்கிக்கு வருவது வேறு எண்.

நான் 16 கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன், இதை எழுதுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! முதல் நாள் ராத்திரி என் தோழியைப் போனில் எச்.ஆராக நடிக்கச் சொல்லி ஏழெட்டு முறை பழகினேன். ஒவ்வொரு முறையும் எண்ணைச் சொன்ன உடனே "ஆனா பரவாயில்ல, கொஞ்சம் முன்னப்பின்ன..." என்று என் வாயே அதைக் குறைக்கப் பார்த்தது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் நம்மில் பாதிப் பேர் நம் விலையை நாமே குறைத்துக்கொள்கிறோம். துண்டுக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார்களே, அதற்கு எவ்வளவு பழக்கம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எச்.ஆர், பேண்ட் (அந்தப் பதவிக்கான சம்பள வரம்பு) இடிக்கிறது, 14.5-க்கு மேல் என் கையில் இல்லை என்றார். பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை, பெரிய கம்பெனிகளில் அப்படி வரம்பு உண்டு. "சரிங்க, அதுக்குள்ளேயே எதை மாத்த முடியும்னு சொல்லுங்க" என்று கேட்டேன். அந்தக் கேள்வி வரும்வரை நாங்கள் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தோம், அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒரே காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேரியபிளைக் குறைக்கலாமா, 45 நாளில் சேர்கிறேன் என்பதால் பாக்கி நோட்டீஸ் நாட்களுக்குப் பழைய கம்பெனி பிடிக்கிற தொகையை நீங்கள் தருவீர்களா என்று கேட்டேன். கடைசியில் 14.5 லட்சம், வேரியபிள் 5 சதவீதம், நோட்டீஸ் தொகை அவர்கள் பொறுப்பு. மொத்தத்தில் ஏறியது 50,000 தான், ஆனால் உறுதியான பகுதி 11.9 லட்சத்திலிருந்து 13.77 லட்சத்துக்குப் போனது. போனை வைத்த பத்து நிமிடத்தில், பேசியதை எல்லாம் வரிசையாக எழுதி, சரிதானே என்று ஒரு மெயில் போட்டுவிட்டேன். வாயால் பேசியதை எழுத்தில் வாங்காமல் விட்டால் அந்தப் பேரம் முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

மளிகைக் கடையிலும் காய்கறிக் கடையிலும் நாம் கேட்கிற கொசுறு இருக்கிறதே, அது இதேதான். தக்காளி விலையை அவரால் குறைக்க முடியாது, ஆனால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை போட முடியும். ஒருவர் தன் கையில் இல்லாததை விட்டுக்கொடுக்க முடியாது, கையில் எது இருக்கிறது என்று பார்த்துக் கேட்க வேண்டும். நகைக் கடையில் எத்தனையோ பேர் கிராம் விலையைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதைப் பார்க்கிறேன். அது அன்றைய விலை, போர்டில் எழுதிப் போட்டிருக்கிறது, கவுன்டரில் நிற்கிற பையனால் அதைத் தொட முடியாது. பேச வேண்டியது சேதாரம். மூன்று பவுன் சங்கிலி, 24 கிராம், சேதாரம் 14 சதவீதம் என்றால் 3.36 கிராமுக்கான காசு. அதையே 11 சதவீதமாக்கினால் 2.64 கிராம். கிட்டத்தட்ட முக்கால் கிராம் தங்கத்தின் விலை மிச்சம், அதன்மேல் போடுகிற மூன்று சதவீத ஜிஎஸ்டியும் மிச்சம். இதே கனத்தில் பக்கத்துக் கடையின் சேதாரச் சதவீதத்தை விசாரித்து எழுதிக்கொண்டு போனால் பேச்சு இன்னும் சீக்கிரம் முடியும்.

வாடகை வீட்டு விஷயம் கொஞ்சம் வேறு. நங்கநல்லூரில் 18,000 வாடகைக்கு ஒரு வீடு பிடித்திருந்தது. அட்வான்ஸ் பத்து மாதம், 1.8 லட்சம். சென்னையில் காலங்காலமாக அதுதான் வழக்கம். ஆனால் 2017-இல் கொண்டுவந்து 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த "ஒப்புக்கொண்டால் ஒழிய" என்ற இடத்தில்தான் நம் பேச்சுத் திறமை எல்லாம் இருக்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்டினால் அவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். வீட்டுக்கார அம்மா கீழ்வீட்டிலேயே இருந்தார். "முன்னாடி இருந்தவங்க எப்படிங்கம்மா?" என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டார். இரண்டு மாத கரண்ட் பில் கட்டாமல் போய்விட்டார்கள், சுவர் முழுக்க ஆணி, பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள், ஒவ்வொரு முறையும் புரோக்கரிடம் நிற்க வேண்டியிருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் என்பது அவருடைய பயத்தின் அளவு. நான் அந்தப் பயத்துக்குப் பதில் சொன்னேன். இரண்டு வருடம் இருப்பதாக எழுதிக் கொடுக்கிறேன், கரண்ட் பில் கட்டிய ரசீதை ஒவ்வொரு முறையும் வாட்ஸப்பில் அனுப்புகிறேன், ஆணி அடிப்பதாக இருந்தால் கேட்டுவிட்டுத்தான் அடிப்பேன். பதிலுக்கு அட்வான்ஸ் ஐந்து மாதம். அத்தோடு, காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகை பிடிப்பார்களே, இரண்டு வருடம் தாண்டி இருந்தால் அதைப் பிடிக்கக் கூடாது. ஒரு நாள் அவகாசம் கேட்டுவிட்டு மறுநாள் சரி என்றார். எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதினோம். 90,000 ரூபாய் என் கணக்கிலேயே இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும், வீட்டுக்குள் நான் தோற்றேன். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஆறு வாரம் யாராவது கூட இருக்க வேண்டும். அண்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறார், நான் சென்னையில். போன் போட்டதும் நான் ஆரம்பித்ததே, "போன தடவையும் நான்தான் லீவு போட்டேன், இந்தத் தடவ உங்க வீட்ல வெச்சுக்கோங்க" என்றுதான். அவர் முடியாது என்றார். நான் கத்தினேன், அவரும் கத்தினார், பத்து நாள் பேச்சு இல்லை. சந்தையில் முன்பின் தெரியாத ஆளிடம் அப்புச்சி காட்டிய பொறுமையில் கால்வாசியைக்கூட நான் கூடப் பிறந்தவரிடம் காட்டவில்லை. யோசிக்க யோசிக்க அது மனதை அறுத்தது. பதினோராம் நாள் நானே கூப்பிட்டு, "அண்ணா, அம்மாவ அங்க வெச்சுக்கறதுல என்ன கஷ்டம்னு சொல்லுங்க, நான் சண்ட போடல" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "பாப்பா, மூணாவது மாடி, லிப்ட் இல்ல. பிசியோவுக்கு வாரம் மூணு நாள் எறக்கி ஏத்தோணும். அண்ணிக்கு வேற முதுகு வலி. நான் எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்..." என்றார். அதை அவர் முதல் நாளே சொல்லியிருப்பார், நான் கேட்டிருந்தால். அம்மா பொள்ளாச்சி வீட்டிலேயே இருப்பது, பகலுக்கு ஓர் ஆள் போடுவது, செலவு பாதிப் பாதி, சனி ஞாயிறு அண்ணன், முதல் பத்து நாளும் கடைசி வாரமும் நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது என்று இருபது நிமிடத்தில் முடிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எங்கள் தெருவில் கூடையில் கீரை கொண்டு வருகிற பாட்டியிடம் நான் பேரம் பேசுவதில்லை. ஒரு கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைத்தால் எனக்கு அது தெரியக்கூடத் தெரியாது, அவருக்கு அது பஸ் காசு. பேசத் தெரிந்துகொண்டவர்கள் எல்லா இடத்திலும் பேச வேண்டும் என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பழகுவதற்கு வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன. ஃபர்னிச்சர் கடையில் டெலிவரியை இலவசமாகக் கேளுங்கள், இன்டர்நெட்காரரிடம் பழைய வாடிக்கையாளருக்கு என்ன சலுகை என்று கேளுங்கள், ஓட்டலில் இரண்டு மணி நேரம் தாமதமாக அறையைக் காலி செய்யலாமா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாத இடங்களில் வாரத்துக்கு ஒன்று கேட்டுப் பழகினேன், முக்கால்வாசி நேரம் இல்லை என்றுதான் பதில் வந்தது. மூன்று மாதத்தில் "இல்லை" என்ற சொல்லைக் கேட்டால் முகம் சூடாவது நின்றுவிட்டது.

இந்த மாதக் கடைசியில் எனக்கு அப்ரைசல். மேலாளருக்கு என்ன நெருக்கடி என்று ஓரளவு தெரியும், எங்கள் டீமில் இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள், பழைய அமைப்பு முழுதும் தெரிந்தவர்கள் இப்போது மூன்று பேர்தான். வெளியில் என்ன போகிறது என்று நாலு பேரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். கேட்கப்போகும் எண்ணும் இருக்கிறது, அது இல்லாவிட்டால் வேறு என்ன கேட்பது என்பதும் அதற்குக் கீழே எழுதியிருக்கிறது. எனக்காக அவர் மேலே யாரிடம் போய் நிற்க வேண்டும், அந்த ஆளுக்கு என்ன காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதுதான் இன்னும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை அவரை டீக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.